குன்வோரின் விறகுக் கோபுரம்

நானூற்று ஐம்பத்தாறு மணி நேரமாக என் அண்ணன் எய்வின் காவலில் இருந்தான். பத்தொன்பது நாள். ஹல்வார் என்ற கிழவரைக் கொன்று ஏரியில் போட்டான் என்று அவன்மேல் சந்தேகம்.

ஹல்வார் செப்டம்பரில் காணாமல் போனார். அதற்கு முந்தைய வாரம் மீன்வலைத் தகராறில், “உன்னையே வலையில சுத்தி ஏரியில எறிவேன்” என்று எய்வின் எல்லோர் முன்னாலும் கத்தியிருந்தான். அதை ஊரே மறந்துவிட்டது. புத்தாண்டன்று குடித்துவிட்டு, “ஆமா, எறிஞ்சேன், போய்த் தேடுங்க” என்று அவனே நினைவுபடுத்தினான்.

ஏரி இரண்டடிக் கனத்துக்கு உறைந்திருந்தது. உருகுவது மே மாதம். அதுவரை எய்வின் உள்ளே இருக்கட்டும் என்றார் காவல் அதிகாரி ஸ்டைனார். அண்ணி லிவ்வுக்கு மார்ச்சில் பிரசவம்.

ஹல்வாரின் மனைவி குன்வோருக்கு எழுபத்தெட்டு வயது. கணவர் காணாமல் போன மறுநாள் விறகடுக்கத் தொடங்கி, பதினோரு நாளில் முடித்தார். வட்டமான அடுக்கு. ஆளுயரத்துக்கும் மேல். வெள்ளை பிர்ச், சிவந்த ஆல்டர், மஞ்சள் பைன் என மூன்று மரத்துக் கட்டைகளும் சுழன்று சுழன்று மேலேறின. ஒரு கட்டைகூடத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. முதல்முறை பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு எப்போதுமே வராது. அன்று பாதிரியாருக்கும் வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஸ்டைனார் நடுவராக இருந்த விறகடுக்கும் போட்டியில் அதற்கு முதல் பரிசு. சுவீடனிலிருந்து பேருந்தில் வந்து படமெடுத்தார்கள். அக்டோபரில் அந்தப் பக்கம் கொஞ்சம் நாற்றம் வந்தது. குன்வோர் உப்பில் மீன் புளிக்கவைக்கிறார் என்று நினைத்து, கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு பங்கு சொல்லிவைத்தோம். யாருக்கும் வரவில்லை.

என் பெயர் இதுன். பெட்ரோல் பங்கில் கல்லாவில் இருக்கிறேன். அந்தப் பத்தொன்பதாம் நாள் காலை மைனஸ் முப்பத்தொன்று டிகிரி. குன்வோர் சறுக்குவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு மூட்டை விறகு கேட்டார்.

“இது ஒன்பதாவது மூட்டை,” என்றேன்.

“எண்ணுற வேலையும் ஒனக்குக் குடுத்திருக்காங்களா, இதுன்?”

“ஒங்க வீட்டுலதான் அவ்வளவு வெறகு இருக்கே.”

“அது பாக்குறதுக்கு. இது எரிக்கிறதுக்கு.”

மூட்டையைப் போர்வையால் மூடி, யாரும் பார்க்கவில்லையே என்று தெருவைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார். எங்கள் பள்ளத்தாக்கில் கடை விறகு வாங்குவது அவ்வளவு வெட்கம். சொந்த விறகு மலைபோல் இருக்க, அந்த வெட்கத்தை ஒன்பது முறை ஏன் தாங்க வேண்டும்? கதவு மூடியதும் அக்டோபரில் அடித்த நாற்றம் நினைவுக்கு வந்தது. ஸ்டைனாருக்குப் போன் செய்தேன்.

“குன்வோரோட அடுக்கப் பிரிச்சுப் பாருங்க.”

“முதல் பரிசு வாங்கினதையா?”

“உள்ள கூடு மாதிரி இடம் இருக்கும். ஒரு ஆள் உக்காரலாம்.”

“இங்க பாரு இதுன், தேவாலயத்த இடிக்கணும்னு சொல்லு, ஆள் அனுப்புறேன். அதுமேல கை வெக்க மாட்டேன்.”

“எய்வின்...”

“மே மாசம் வரட்டும்.”

நண்பகலில் நானே போனேன். சூரியன் மலைமுகட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. கட்டைகளின் முகமெல்லாம் உறைபனி படிந்து, கோபுரம் அடியிலிருந்து உச்சிவரை மின்னியது. எதற்கு வந்தேன் என்பதே ஒரு கணம் மறந்துவிட்டது. இதைக் கலைக்க ஸ்டைனாருக்கு மனம் வராதது நியாயம்தான் என்றுகூடத் தோன்றியது.

பிறகு குனிந்து, அடிவரிசையில் ஒரு கட்டையைப் பிடித்து இழுத்தேன்.

ஜன்னல் திறந்தது. “ஏய் இதுன்! கீழேருந்து உருவாத! மேலேருந்துதான் எடுக்கணும். ஒங்க வீட்டுல எதுவுமே சொல்லித்தரலயா?”

மறுபடி இழுத்தேன். கட்டை அசைந்தது. உச்சியிலிருந்து பனி சொரிந்தது. குன்வோர் காலுறையோடு பனியில் ஓடிவந்தார்.

“விடு! மொத்தமும் அவன் தலையில சரியும்!”

கட்டையிலிருந்து கையை எடுத்தேன்.

“யார் தலையில?” என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் நகர்த்திய கட்டையை உள்ளங்கையால் தட்டி வரிசைக்குள் தள்ளினார்.

“அம்பத்தோரு வருஷம் நான் அடுக்கினதையெல்லாம் கலைச்சான். கட்டையோட பட்டை மேல பாத்து இருக்கணுமாம். கலைச்சுக் கலைச்சுத் திருப்பி அடுக்குவான். அன்னைக்கும் கலைச்சான்.” கைகளைத் துடைத்துக்கொண்டார். “ஒங்கண்ணன் பாவம். ஏரியில ஒண்ணும் கெடைக்காது, மே மாசம் விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்.”

“மார்ச்சுல குழந்தை பொறக்குது, குன்வோர்.”

அது அவருக்குத் தெரியாது. முகத்தில் தெரிந்தது.

“யார் தலையில?” என்று மறுபடி கேட்டேன். வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை.

“ஹல்வார் தலையிலதான். கோடாலியோட பின்பக்கத்தால அடிச்சு நான்தான் கொன்னேன்.”