காடியை அடைத்தவன்

அப்பா படகை என் பேரில் எழுதிவைத்தார். சாவியை அண்ணனிடம் கொடுத்தார். எங்கள் வீட்டு லட்சணம் இவ்வளவுதான்.

அன்று காலை எனக்குப் பாய்ப்படகு உரிமத் தேர்வு. என் படகை நானே ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் அடுத்த பருவம் வரை, உரிமம் உள்ள அண்ணன் என்னோடு வராமல் படகு துறையை விட்டு நகரக் கூடாது. நாற்பத்தொரு வயதில் இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

புதுப் பாயைத் தோளில் சுமந்துகொண்டு துறைக்குப் போனேன். பாய்க்கு அடியில் படுக்கைவசமாக நீளும் அலுமினியக் குழாயைப் பூம் என்போம். அதன் முதுகில் நீளவாக்கில் ஒரு காடி, அதாவது ஒடுக்கமான பள்ளம், ஓடும். பழைய பாயின் அடி ஓரம் முழுவதையும் அதில் செருகியிருந்தோம். புதுப் பாயின் அடி ஓரம் சும்மா தொங்கும். முன்மூலையும் பின்மூலையும்தான் பிடிமானம். பின்மூலையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கட்டை உண்டு. அது காடிக்குள் நுழைந்து வழுக்கும். காற்றில் மூலை மேலே எழும்பாமல் பிடித்துக்கொள்வது அதுதான்.

காடியைக் காணோம்.

பூம் வெள்ளை வெளேரென்று பளபளத்தது. பக்கத்தில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றான்.

“எப்படி இருக்கு பாப்பா? நேத்து லீவு போட்டுச் செஞ்சேன். பட்டி வச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ரெண்டு கோட்டு.”

“காடி எங்கண்ணே?”

“அடைச்சிட்டேன். அடி ஓரம் தொங்குற பாய்தானே, இனிமே காடி எதுக்குன்னு யோசிச்சேன். அழுக்குதான் சேரும்.”

யோசித்தானாம். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன். பட்டி கல்லாக இறுகியிருந்தது.

“என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“பரீட்சை நேரத்துல உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான்.”

பள்ளிக்கூட நாளில் என் சைக்கிளுக்கு இவன்தான் பிரேக் இறுக்கிக் கொடுத்தான். சக்கரம் சுற்றவே இல்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் இவன்தான். அந்தக் கதை இப்போது வேண்டாம்.

தேர்வு நடத்தும் அதிகாரி அம்மா வந்து துறைப் பலகையில் பையை வைத்தார். “ஏதாவது பிரச்சினையா?” என்றார்.

“பாய் கட்டிட்டு இருக்கோம்,” என்றான் அண்ணன். என்ன கட்டினானோ.

கட்டை போகாவிட்டால் கயிறுதான் வழி. பின்மூலை வளையத்தில் கயிற்றைக் கோத்து, பூமைச் சுற்றிச் சுற்றி இறுக்கி முடிந்தேன். மூலை கீழே நிற்கும். ஆனால் பாயை விறைப்பாக்கப் பின்னுக்கு இழுத்தால் கயிற்றுச் சுற்று பூமின் மேல் வழுக்கி நகரவும் வேண்டும். இழுத்தேன். நகரவில்லை. மேல் கோட்டு காயாமல் பிசுபிசுவென்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது.

முடிச்சை அவிழ்த்துவிட்டுக் கத்தியை எடுத்தேன்.

“பாப்பா, என்ன பண்றே? பெயிண்ட் போயிடும்.”

“போகட்டும்.”

கயிறு வரும் இடத்தில் பூமைச் சுற்றிச் சுரண்டினேன். வெள்ளைச் சுருள்கள் அவன் செருப்பில் விழுந்தன. ஒவ்வொரு இழுப்புக்கும் அவன் முகம் சுருங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன். உலோகம் தெரிந்ததும் கயிற்றை மறுபடி சுற்றினேன். இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தது.

அண்ணன் வழக்கம்போலப் படகில் ஒரு காலை வைத்தான்.

“இறங்கு,” என்றேன்.

அவனைத் துறையிலேயே விட்டுவிட்டு, அதிகாரி அம்மாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். காற்று நன்றாகவே இருந்தது. மூலை எழும்பவில்லை. கோபத்தில் சுக்கானை நான் பிடித்த பிடிக்கு, “கொஞ்சம் தளர்த்திப் பிடிங்க,” என்றார் அந்த அம்மா. காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து ஏறி, துறையில் இடிக்காமல் கொண்டுவந்து நிறுத்தினேன்.

“பாஸ்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அண்ணன் அவர் பின்னாலேயே ஓடினான். “நான் பழக்கினதுங்க,” என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது.

திரும்பி வந்து, படகைப் பூட்டுவதற்குச் சாவிக்கொத்தை எடுத்தான். நான் கையை நீட்டினேன்.

“சாவியைக் கொடு.”

“உனக்கு எதுக்கு பாப்பா? தொலைச்சிடுவே.”

நீட்டிய கையை நான் மடக்கவில்லை. அவன் என்னைப் பார்த்தான், சுரண்டிய பூமைப் பார்த்தான், பிறகு படகுச் சாவியைக் கழற்றக் கொத்தின் வளையத்தை நெம்பத் தொடங்கினான். வளையம் இறுக்கமானது. நகம் வழுக்க வழுக்க வெகுநேரம் திணறினான்.

நான் உதவி செய்யவில்லை.