சாயம் போகாது

எங்கள் ஊர் மைதானத்தில் வருடத்துக்கு ஒரு நாள் குதிரைப் பந்தயம் நடக்கும். மற்ற நாட்களில் மாடுகள் மேயும். பந்தயத்தன்றும் சில மேய்ந்துகொண்டிருக்கும். வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லாததால் யாரும் விரட்டுவதில்லை.

பந்தயத்துக்குக் குதிரையைவிட முக்கியம் புதுத்துணி. ஓடுவது குதிரை என்றாலும் பார்க்கப்படப்போவது நாம்தான் என்பதில் ஊருக்குள் இரண்டாவது கருத்து கிடையாது. அதனால் பந்தயம் நெருங்கும்போது கடைத்தெரு மொத்தமும் ஒரே கடையில் வந்து நிற்கும். அது கியாரண்டி முதலாளியின் ஜவுளிக்கடை.

அவருக்கும் பெற்றோர் ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். 'எங்கள் துணி சாயம் போகாது. போனால் வேறொன்று இலவசம். இது கியாரண்டி' என்று வாசலில் பலகை மாட்டியதிலிருந்து அந்தப் பெயரை யாரும் தேடவில்லை. துணியை மேசைமேல் சரசரவென்று விரிப்பார். ஆள்காட்டி விரலை நாக்கில் தொடுவார். துணியை அழுத்தித் தேய்ப்பார். விரலைத் தூக்கிக் காட்டுவார். பளிச்சென்று சுத்தமாக இருக்கும். நனைந்தது ஆள்காட்டி விரல், தேய்த்தது கட்டைவிரல் என்பதை ஊரிலேயே கவனித்தவர் அவர் மனைவி ஒருவர்தான். கல்யாணமான புதிதிலேயே கவனித்துவிட்டார். குடும்பம் நடக்கட்டும் என்று சும்மா இருந்தார்.

முதலாளிக்குப் பணத்துக்குக் குறைவில்லை, குறை வேறு. கல்லாவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி வைத்திருந்தார். உள்ளே வெல்வெட் விரித்திருந்தது. வெல்வெட்டின் மேல் எதுவும் இல்லை. பந்தயக் கோப்பைக்காகக் காத்திருந்த அலமாரி அது. தெருக்கோடி இரும்புக்கடைக்காரர் துணி எடுக்க வரும்போதெல்லாம் அதை எட்டிப் பார்ப்பார்.

"என்ன முதலாளி, அலமாரி காலியாத்தானே கிடக்கு? வாடகைக்கு விடுறீங்களா? ஆணி டப்பா வைக்க இடம் போதல."

"வர வேண்டியது வரும்" என்பார் முதலாளி.

வர வேண்டியதைக் கொண்டுவர வேண்டியது அவருடைய குதிரை. லாயக்காரர்கள் அதை மாப்பிள்ளை என்று கூப்பிட்டார்கள். சாப்பாடு, மரியாதை, கோபம் மூன்றிலும் குறை வைக்காது. வேலை என்றால் மட்டும் வேறு பக்கம் பார்க்கும். பந்தயத்தில் அது கடைசியாக வந்ததில்லை என்று முதலாளி சொல்வார். உண்மைதான். பாதி வழியில் நின்றுவிடுகிற குதிரையை வந்ததாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த வருடம் சவாரிக்காரர்கள் எல்லோருக்கும் சட்டைத் துணி தன் உபயம் என்று முதலாளி அறிவித்தார். தர்மம் மட்டும் காரணமல்ல. புதிதாக வந்து இறங்கிய மலிவுச் சரக்கு தலைக்கு மேல் இருந்தது. அதே சரக்கிலிருந்துதான் ஊர் மொத்தமும் புதுத்துணி எடுத்தது. சட்டை தைத்த தையல்காரர் கையை விரித்துக் காட்டினார். பத்து விரலும் பல நிறத்தில் இருந்தன.

"முதலாளி, கையில ஒட்டுதே?"

"அது உங்க வேர்வையோட கோளாறு. டாக்டர்கிட்ட காட்டுங்க."

தையல்காரர் யோசனையோடு வேர்வையை முகர்ந்து பார்த்தபடி போனார்.

அப்போதெல்லாம் குதிரைக்கு நம்பர் கிடையாது. குதிரைகள் எல்லாம் ஒரே பழுப்பு; சட்டை நிறம்தான் அடையாளம். முதலாளியின் குதிரைக்கு மஞ்சள், இரும்புக்கடைக்காரர் குதிரைக்குப் பச்சை, மற்றவர்களுக்கு நீலம், சிவப்பு என்று ஏட்டில் பதிவு. முடிவுக் கோட்டருகே உயரமான நாற்காலியில் ஓய்வுபெற்ற நீதிபதி உட்காருவார். ஓய்வு நீதிமன்றத்திலிருந்துதான், தீர்ப்பு சொல்வதிலிருந்து அல்ல. வீட்டில் குழம்புக்கு உப்பு போதவில்லை என்பதைக்கூட இரு தரப்பையும் விசாரித்த பிறகுதான் அறிவிப்பார் என்று கேள்வி.

குதிரைகள் கிளம்பிய அதே நேரத்தில் மழையும் கிளம்பியது. தூறல் என்ற முன்னறிவிப்பெல்லாம் இல்லை. ஒரேயடியாகக் கொட்டியது.

மாப்பிள்ளைக்கு நனைவது பிடிக்காது. லாயம் முடிவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. மற்ற குதிரைகள் பழக்கத்தால் ஓடின. மாப்பிள்ளை கூரையைப் பார்த்து ஓடியது. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு குறிக்கோளோடு ஓடிய குதிரையை யாராலும் பிடிக்க முடியவில்லை. கோட்டை முதலில் தாண்டியது. அடுத்ததாக இரும்புக்கடைக் குதிரை.

முதலாளி சேற்றில் குதித்தார். "என் குதிரை! என் குதிரை!"

நீதிபதி கையை உயர்த்தினார். "முதல்ல வந்தது வெளுத்த சட்டை. ரெண்டாவது வந்ததும் வெளுத்த சட்டை. ஏட்டுல வெளுத்த சட்டைன்னு எந்தக் குதிரையும் இல்ல."

எல்லோரும் பார்த்தார்கள். சவாரிக்காரர்கள் அத்தனை பேரின் சட்டையும் பாத்திரம் கழுவின தண்ணீர் நிறத்துக்கு வந்திருந்தது.

"ஐயா, அது என் குதிரைதாங்க. ஊருக்கே தெரியும்!"

"ஊருக்குத் தெரிஞ்சாப் போதாது. எனக்குச் சட்டப்படி தெரியணும். உங்க நிறம் என்ன?"

"மஞ்சள்."

"இந்தச் சட்டை மஞ்சளா?"

நீதிபதி குடையோடு இறங்கிவந்து மாப்பிள்ளையை ஒருமுறை சுற்றினார். முதுகு, வயிறு, வால் வரைக்கும் மஞ்சள் வழிந்திருந்தது.

"நல்லது. இது உங்க சட்டையிலேருந்து இறங்கின சாயம்னு சபை முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. கோப்பை உங்களுக்கு."

அந்தச் சபையை முதலாளி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். வாத்தியார் மனைவிக்கு முழங்கை வரை நீலம். தபால்காரர் கழுத்து சிவப்பு. தையல்காரர் எல்லா நிறத்திலும் இருந்தார். துணியைப் பிழிந்துகொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் பிழிவதை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள்.

மனைவி காதருகே வந்தார். "ஏங்க, சொல்லித் தொலைங்க. துணி போனாப் போகுது. காலி அலமாரியைத் துடைச்சுத் துடைச்சு என் கை தேய்ஞ்சுபோச்சு."

"நீ சும்மா இரு. ஊருக்கே துணி குடுக்கச் சொல்றியா?"

கோப்பையைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"நம்ம கடைத் துணி சாயம் போகாதுங்க."

"அப்ப குதிரை மேல இருக்கறது?"

"அது... அதுக்கு மஞ்சள் காமாலைங்க."

நீதிபதி முகத்தில் சலனமே இல்லை. "எப்பலேருந்து?"

"மழை ஆரம்பிச்சதுலேருந்து."

"நோய்வாய்ப்பட்ட குதிரை போட்டியில் செல்லாது. அடுத்து?"

இரும்புக்கடைக்காரர் ஏற்கெனவே தன் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றிருந்தார். அதன் விலா பாசி பிடித்த குளத்துப் படிக்கட்டு போல இருந்தது. "ஐயா, என் குதிரை பச்சையா நிக்குது. அதுக்கு வியாதி ஒண்ணும் இல்ல. சாயம்தான். நான் சொல்றேன். எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன்."

நீதிபதி நாற்காலியில் ஏறிக் குரலை உயர்த்தினார். "துணியிலிருந்து சாயம் போனது சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. ஆகவே கோப்பை இரும்புக்கடைக்காரருக்கு."

ஆகவேக்குப் பின்னால் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கூட்டம் அங்கிருந்தே கடைத்தெருவைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டது.

பந்தயத்தன்று கடை பூட்டியிருந்தது. மறுநாள் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் முதலில் குதிரையின் உடம்பை விசாரித்தார்கள். "காமாலை எப்படிங்க இருக்கு? பத்தியம் பாருங்க." அப்புறம் நனைந்த துணியை மேசையில் வைத்தார்கள். முதலாளி ஒவ்வொருவருக்கும் வெள்ளைத் துணி கிழித்துக் கொடுத்தார். அதில் போவதற்கு எதுவும் இல்லை. இரும்புக்கடைக்காரர் கோப்பையைக் கையில் பிடித்தபடியே வரிசையில் நின்று தன் பங்கையும் வாங்கிப் போனார்.

சாயங்காலம் லாயத்தில் முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாப்பிள்ளையைத் தேய்த்தார். சோப்பு, சாம்பல், மண்ணெண்ணெய், செங்கல் பொடி. மஞ்சள் அசையவில்லை. ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, யாரும் பார்க்காததால் அதே விரலாலேயே தேய்த்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

வாளியோடு வந்த மனைவி அந்த விரலை எட்டிப் பார்த்தார்.

"உங்க போர்டுல பொய் ஒண்ணும் இல்லீங்க. துணின்னு இருக்கற இடத்துல குதிரைன்னு மாத்திட்டாப் போதும்."