நாற்பத்து மூன்று நிமிடம்

கட்டுரையோடு அனுப்பக் கருவியைப் படம் பிடிக்கத்தான் கம்ஷாத் கீழ் அறைக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மருந்து தள்ளும் பம்ப் அலமாரியின் உச்சியில் இருந்தது. மேஜையில் அது இருந்த இடத்தில் ஆய்வக உதவியாளன் பெக்சாத்தின் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது.

நகத்தளவு சிப். அதன் குழிகளில் குழிக்கு ஒன்றாகப் புற்றுச் செல்கள். முடியளவு கால்வாயில் மருந்து வந்ததும் செல் தன்னைத்தானே கொன்றுகொள்ளும். எப்போது என்பதைக் கேமரா பிடித்துவிடும். பம்ப் சுவிட்சைப் போட்ட நொடியிலிருந்து கணக்கு. குளிர்காலத்தில் மருந்துக்கு அடங்கும் சாதாரணப் புற்றுச் செல்களை அவளே ஓட்டினாள். வசந்தத்தில் மருந்துக்கு அடங்காத நோயாளியின் செல்களை பெக்சாத் ஓட்டினான். கீழே வராமல் படங்களை மட்டும் அவள் எண்ணினாள். அந்தச் செல்கள் மற்றவற்றைவிட நாற்பத்து மூன்று நிமிடம் கூடுதலாகத் தாக்குப்பிடித்தன. அவளுடைய இரண்டு வருடக் கண்டுபிடிப்பே அதுதான்.

"குழாயை நீளமா மாத்தினியா?"

"குளிர் முடிஞ்சதுமே பம்ப் மேல போச்சுல்ல, எட்ட வேணாமா?"

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"கட்டுரையில என் பேரை எடுத்தப்ப நீங்க சொன்னீங்களாக்கா?"

பால் கலந்த தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றினான். அவர்கள் ஊரில் மதிக்கிறவர்களுக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள். விளிம்பைத் தொட்டால் நடையைக் கட்டு என்று அர்த்தம். தளும்பத் தளும்ப நீட்டினான். அவள் வாங்கிக் குடிக்காமல் மேஜையில் வைத்தாள்.

படம் வரவில்லையே என்று பேராசிரியர் மெய்ராம் இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டார். குழாயை அண்ணாந்து பார்த்தார்.

"இதையெல்லாம் எவன் கேக்கப் போறான்? பம்பைக் கீழ வெச்சுப் படம் எடும்மா. ஆறு மணிக்குள்ள அனுப்பணும்."

"எடுங்கக்கா," என்றான் பெக்சாத். "நான் வாயே தெறக்க மாட்டேன்."

சிரித்தான். அந்தச் சிரிப்பை ஆயுசுக்கும் சுமக்க வேண்டியிருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது.

மருந்துக்குப் பதிலாகக் கிண்ணத்திலிருந்த தேநீரை ஊசிக்குழலில் உறிஞ்சினாள். ஸ்டூலில் ஏறிப் பம்பில் மாட்டி, சுவிட்சைப் போட்டாள்.

"மணியைப் பாத்துக்குங்க, அகாய்," என்றாள் பேராசிரியரிடம்.

"உனக்குக் கிறுக்கா?" என்றார் அவர். ஆனால் போகவில்லை.

குழாய்க்குள் பழுப்பு நூல் இறங்கத் தொடங்கியது. சீக்கிரம் வந்து தொலை என்று மனதுக்குள் கெஞ்சினாள். பழைய குட்டைக் குழாயில் போல இரண்டே நிமிடத்தில் வந்துவிட்டால் தாமதம் குழாயினால் அல்ல, கண்டுபிடிப்பு பிழைத்துக்கொள்ளும். பத்து நிமிடம் ஆனது. இருபதும் ஆனது. பெக்சாத் சிரிப்பதை எப்போதோ நிறுத்தியிருந்தான். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"நாப்பத்தொண்ணு," என்றார் மெய்ராம்.

சிப்புக்கு இன்னும் மூன்று விரற்கடை இருந்தது. பழுப்பு நூல் அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது.