நான்காவது ஜன்னல்

யாகோதாவின் சிரித்த முகத்தைப் பற்றி அந்தக் கப்பலில் யாரும் குறை சொன்னதில்லை. வியன்னாவின் அரண்மனைகளைச் சுற்றிவிட்டு வருகிற பயணிகள்கூட, "அதெல்லாம் சரி, எங்க மேசைக்குப் பரிமாறுற பொண்ணு இருக்காளே!" என்றுதான் பேச்சை முடிப்பார்கள். யாருக்கு சூப்பில் உப்பு ஆகாது, யாருக்கு ஜன்னலோரம் வேண்டும் என்பதெல்லாம் முதல் வேளையிலேயே அவளுக்கு அத்துப்படி. அந்தச் சிரிப்பை அவள் காலையில் ஏப்ரன் கட்டும்போதே கூடக் கட்டிக்கொள்வாள். இரவு கீழ்த்தளத்தில், தண்ணீர் மட்டத்துக்கும் கீழே இருக்கும் அறைக்குப் போய்த்தான் கழற்றுவாள். கழற்றினால் கன்னம் வலிக்கும்.

அந்தச் சிரிப்பின் மேல் பொல்லாத கோபம் கொண்டவன் ஒருவன்தான். அவள் புருஷன் ராடிஷா.

அவனும் அவளைப் போல டானூப் ஆற்றுக் கப்பல்காரன்தான். வேறொரு சுற்றுலாக் கப்பலில், கரை சேர்ந்ததும் கயிறு கட்டுகிற வேலை. அபாதின் என்கிற ஊரில் வீடு இருக்கிறது, சாவியும் ஆளுக்கொன்று இருக்கிறது. ஆனால் இருவரும் சேர்ந்து அந்தக் கதவைத் திறப்பது குளிர்காலத்தில் மட்டும்தான். போன வருஷம் அதுவும் போயிற்று. கிறிஸ்துமஸ் சந்தைப் பயணங்களுக்கு ஆள் போதவில்லை என்று மேலாளர் திபோர் சொன்னதும் யாகோதா தலையாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போன கொஞ்ச நாளும் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல் கிடந்தாள்.

இந்தக் கோடையில் ஃபோனில் அவன் கோபம் வெடித்தது.

"ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் பல்லைக் காட்டுற. அதுல பாதியாச்சும் எனக்குக் காட்டக் கூடாதா?"

"அதுக்குச் சம்பளம் தர்றாங்க. நீ என்ன தர்ற?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன், "இனி ஃபோன் வேணாம். பேசினா சண்டைதான் வருது" என்றான். "புதன்கிழமை சாயங்காலம் எஸ்டெர்கோம் பக்கம் நம்ம ரெண்டு கப்பலும் எதிரெதிரா வரும். குளிர்காலத்துக்கு வீட்டுக்கு வர்றதா இருந்தா ஜன்னல்ல நின்னு துணியை ஆட்டு. இல்லேன்னா நிக்காத. நானே புரிஞ்சுக்கறேன்."

"எந்த ஜன்னல்னு தெரியுமா உனக்கு?"

"சொல்லேன்."

"சாப்பாட்டுக் கூடம். இடது பக்கம். முன்னாலேருந்து நாலாவது."

வீட்டுக்குப் போகத்தான் அவள் ஆசைப்பட்டாள். கப்பல் முழுக்க அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு நாதியில்லை. அடுப்பில் மீன் குழம்பு கொதிக்க, ராடிஷா மிளகாய்த் தூளை அள்ளிப் போட்டுவிட்டு இருமுவதைக் கேட்டாலே போதும் என்றிருந்தது. இந்த முறை திபோர் மறுபடி டிசம்பரைப் பற்றி ஆரம்பித்தபோது, "புதன் ராத்திரி சொல்றேன்" என்று தள்ளிவைத்தாள்.

எல்லாம் கணக்காகத்தான் இருந்தது. கப்பல்கள் சந்திக்கிற நேரத்தில் கூடம் காலியாக இருக்கும். மேசைக்குத் துணி விரிக்கிற சாக்கில் நான்காவது ஜன்னலில் நின்றுகொள்ளலாம். ஆனால் கப்பல்களை நீர்மட்டம் மாற்றி ஏற்றி இறக்குகிற காப்சிகோவோ மதகில் சரக்குப் படகுகள் வரிசை கட்டி நிற்க, கப்பல் ஒரு பிற்பகல் முழுக்கக் காத்துக் கிடந்தது. அவன் கப்பலும் எங்கோ தாமதம் என்று மேல்தளத்துப் பையன்கள் பேசிக்கொண்டார்கள். அப்படி இப்படி என்று, இரண்டும் சந்திக்கிற வேளை விடைபெறும் விருந்தின் மேல் வந்து விழுந்தது.

விடைபெறும் விருந்து என்றால் ஊர்வலம் உண்டு. கடைசி மாலையில் சமையல்காரர் முதல் பாத்திரம் கழுவுபவர் வரை எல்லாரும் வரிசையாகக் கூடத்துக்குள் வர வேண்டும். முன்னால் மத்தாப்பு எரிகிற கேக். பாட்டு அலறும். பயணிகள் எழுந்து நின்று வெள்ளைக் கைத்துணியைத் தலைக்கு மேல் சுழற்றுவார்கள், பணியாளர்களும் சுழற்ற வேண்டும். வரிசை கலையக் கூடாது என்பது திபோரின் சட்டம்.

வரிசை இடது பக்க ஜன்னல்களை ஒட்டி நகர்ந்தது. யாகோதாவுக்கு இரண்டு ஆள் முன்னால் பிளாங்கா போனாள். ஸ்லோவாக்கியப் பெண், போன மாதம்தான் வேலைக்கு வந்தவள், இவளைவிட ஒரு சாண் உயரம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆற்றின் வளைவில் ராடிஷாவின் கப்பல் தெரிந்தது.

இன்னும் நாலு எட்டு வைத்தால் போதும். அப்போதுதான் இரண்டாவது ஜன்னலருகே ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. எடெல்கார்ட் அம்மாள். தனியாக வந்த ஜெர்மன் கிழவி, உப்பில்லாத சூப்.

"நாளைக்கு வீட்டுக்குப் போறேன்மா" என்றாள். கண் நிறைந்திருந்தது. "ராத்திரி தூங்கினீங்களான்னு கேக்கறதுக்கு அங்க எனக்கு ஒரு ஆளில்ல. நீ தினமும் கேட்ட."

பிடியை உதறியிருக்கலாம். எட்டு வயதுக் குழந்தைகூட உதறிவிடும், அவ்வளவு மெலிந்த கை. யாகோதாவால் முடியவில்லை. அந்தக் கேள்வியை அவள் எல்லா மேசையிலும்தான் கேட்டிருந்தாள். இந்த ஒரு மேசையில் அதை யாரோ உண்மை என்று எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வரிசை அவளை விட்டுவிட்டு நகர்ந்தது. ஜன்னல்தானே, இரண்டாவதானால் என்ன, பதினோரு வருஷமாகப் பார்த்த முகம் தெரியாமலா போகும் என்று தேற்றிக்கொண்டு, மறுகையால் துணியை உயர்த்தி ஆட்டினாள்.

எதிர்க்கப்பல் பக்கத்தில் வந்தது. பின்தளத்தில் ராடிஷா நின்றிருந்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அவனுக்கு வெள்ளைச் சட்டை என்றாலே ஆகாது. அவள் துணியை இன்னும் உயரத் தூக்கினாள்.

அவன் உதடுகள் அசைந்தன. ஒன்று. இரண்டு. அவன் பார்வை அவள் முகத்தின் மேல் பட்டது; பட்டு, தாண்டியது. மூன்று. நான்கு.

நான்காவது ஜன்னலில் பிளாங்கா துணியைச் சுழற்றிக்கொண்டு, திபோர் கற்றுக்கொடுத்தபடி எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். ராடிஷாவின் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, சின்னப் பையனைப் போலக் குதித்துக் குதித்து ஆட்டினான். கப்பல் கடந்து போய்விட்டது.

கயிறு கட்டுகிறவனுக்குச் சுற்றை எண்ணித்தான் பழக்கம். ஜன்னலை எண்ணினான், முகத்தைப் பார்க்கவில்லை. அதை நினைத்தபோது அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கூட்டத்தின் நடுவே யாரோ தன்னை இறக்கிவிட்டுப் போனதுபோல் தனியாக இருந்தது.

"என்னம்மா, முகம் என்னவோ போல இருக்கு?" என்றாள் கிழவி.

"ஒண்ணுமில்லம்மா. மத்தாப்புப் புகை."

கேக் பரிமாறி முடித்து, சமையலறை மூலையில் ஃபோனை எடுத்தாள். அவன் எழுதியிருந்தான்: "பாத்துட்டேன்! இந்தச் சிரிப்பத்தான் நான் கேட்டேன். வீட்டுக்கு வா, இதே சிரிப்போட வா."

மூன்று தடவை படித்தாள்.

பிளாங்கா தட்டுகளைக் கொண்டுவந்து இறக்கினாள். "யாகோதாக்கா, கூத்தப் பாத்தீங்களா? எதிர்க்கப்பல்ல ஒரு ஆளு என்னப் பாத்து என்னமாக் கை ஆட்டினான்! பாவம், பொண்டாட்டி பாத்தா உரிச்சிடுவா. யாருக்கா அது?"

"தெரியலையே" என்றாள் யாகோதா. சொல்லும்போது அது பொய்யாகப் படவில்லை.

ஃபோனை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு, காபி ஜாடியோடு கூடத்துக்குப் போனாள். வாசலில் திபோர் நின்றிருந்தான்.

"என்னம்மா, டிசம்பர் பயணத்துக்கு என்ன சொல்ற?"

"வர்றேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.