அடுப்படியில் முப்பத்தெட்டாம் கோடு

பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைக்கிற சத்தம் விடியலில் தொடங்கினால் நடை சாத்துகிற வரைக்கும் ஓயாது. அந்தச் சத்தத்தையே அமுக்கிப்போட்ட ஒரு சத்தம், 1954ஆம் வருஷம் சித்திரை மாதம் சிவதாணு மெஸ்ஸின் அடுப்படியிலிருந்து கிளம்பியது. தம்பானூரில் புறப்பட இருந்த ரயிலை டிரைவர் நிறுத்தி வைத்துக் காதைக் கொடுத்தார். பொன்முடியில் மேய்ந்துகொண்டிருந்த மான்கள் கல்லாறு வரை இறங்கி வந்து என்ன விசேஷம் என்று விசாரித்தன. மான் விஷயத்தில் ஒரு சொட்டு கூடியிருக்கலாம். ரயில் விஷயம் சத்தியம்.

காரணம் அவியல்.

மெஸ் முதலாளி சிவதாணுப் பிள்ளையின் மனைவி பொன்னம்மை பாளையங்கோட்டைக்காரி. நல்லெண்ணெய்த் தூக்கு இல்லாத அவள் கையை யாரும் பார்த்ததில்லை. தம்பி நயினாரின் மனைவி உலகம்மையோ இங்கே சாலைக் கடைத்தெருவிலேயே பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, தேங்காயெண்ணெயிலேயே ஊறி வளர்ந்தவள். அன்றைக்கு உலகம்மை இறக்கி வைத்த அவியலை மோந்து பார்த்த பொன்னம்மை, "வாசமே இல்லையேட்டி" என்று சொல்லி ஒரு கரண்டி நல்லெண்ணெயை அதன் தலையில் ஊற்றிவிட்டாள்.

"மதி அக்கா, இனி மதி! போதும்!" என்று உலகம்மை கரண்டியை வீசினாள். "எனக்குப் பின்தாழ்வாரத்துல தனி அடுப்பு வேணும். இன்னைக்கே வேணும்."

"என் மூச்சு இருக்கது வரைக்கும் இந்த வீட்டுல ரெண்டாவது அடுப்பு புகையாது. போட்டி!"

சத்தம் கேட்டு ஓடிவந்த சிவதாணுப் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கூட்டத்துக்குப் போய், தென் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுப் பிரிந்து தாய்த் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று தொண்டை கட்டக் கத்துகிறவர் அவர்.

"தோவாளை பிரியலாம், அகஸ்தீஸ்வரம் பிரியலாம். அடுப்பு பிரியக் கூடாது! மெஸ்ஸு ரெண்டாப் போயிரும்!" என்றார்.

"அத்தானுக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமோ?" என்றாள் உலகம்மை. "தாலுகாவுக்குப் பிரியலாம்னா தாளிப்புக்குப் பிரியக் கூடாதோ?"

பிள்ளை, சாப்பிட உட்கார்ந்திருந்த கோலப்பனைத் திரும்பிப் பார்த்தார்.

கோலப்பன் ராணுவத்தில் ஹவில்தார் கிளார்க். கொரியாவில் சண்டை நின்றதும், ஊருக்குத் திரும்ப மாட்டோம் என்று அடம்பிடித்த கைதிகளைக் காவல் காக்க இந்தியாவிலிருந்து ஒரு படை போனதல்லவா, அதில் போய்ப் பங்குனியில்தான் திரும்பியிருந்தான். அங்கே அவன் பார்த்த வேலை, ஸ்டோரில் கம்பளியும் வெங்காயமும் எடுத்துக் கொடுப்பது. ஆனால் சிவதாணு மெஸ்ஸின் இலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அந்த வேலை சோற்றோடு சேர்ந்து பெருக்க ஆரம்பித்தது. முதல் வாரம் சமாதான மேஜைக்குப் பக்கத்தில் நின்றான். இரண்டாம் வாரம் மேஜையில் உட்கார்ந்தான். மூன்றாம் வாரம் சீன ஜெனரலும் அமெரிக்க ஜெனரலும், "நீ சொன்னாச் சரி கோலப்பா" என்று அவன் தோளில் கை போட்டார்கள்.

"தமிழ்லயா சொன்னாங்க?" என்று ரசம் ஊற்ற வந்த சொர்ணம்மாள் கேட்டாள். சிவதாணுப் பிள்ளையின் தங்கை.

"பாதி தமிழ்" என்றான் கோலப்பன். அவளுக்காகத்தான் இத்தனை கொரியாவும்.

இப்போது பிள்ளை அவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "மாப்ளே, குண்டு போட்டுக்கிட்டவனையெல்லாம் கைகுலுக்க வச்சவருல்லா நீரு? இந்த ரெண்டு பொம்பளையளையும் சேத்து வையும். ஆவணியில சொர்ணத்தைத் தாரேன். முடியலேன்னா கொரியாக் கதை அம்புட்டும் பொய்யின்னு ஆயிரும். பொய்யனுக்கு எந்தங்கச்சியக் குடுக்க மாட்டேன், கேட்டீரா?"

கோலப்பனுக்கு விக்கல் எடுத்தது. சொர்ணம்மாள் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்துவிட்டுச் சிரிக்காமல் உள்ளே போனாள். சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாளே சமாதானப் படை களத்தில் இறங்கியது. படை என்றால் கோலப்பன் ஒருத்தன்தான். கோலமாவை எடுத்து அடுப்படியின் குறுக்கே வாசலிலிருந்து கிணற்றடி வரை ஒரு கோடு இழுத்து, "கொரியாவை ரெண்டாப் பிரிச்சது இதே முப்பத்தெட்டாம் கோடுதான். தாண்டுனவங்க மேல உலகமே கோவிச்சுக்கும்" என்றான். இருந்த ஒரே அடுப்பின் இரண்டு கண்ணும் ஆளுக்கொன்றாக வாய்த்தன. ஆட்டுரல் பொன்னம்மை பக்கம் விழுந்தது, உரல் உலகம்மை பக்கம். அம்மி சரியாகக் கோட்டின் மேலேயே கிடந்ததால் அது சர்வதேசப் பொதுச்சொத்தாக அறிவிக்கப்பட்டது. நயினார் என்ன செய்தான் என்கிறீர்களா? முன்னறையில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டு சுவிட்சர்லாந்து மாதிரி நடுநிலை காத்தான். பெண்டாட்டிக்கும் மதினிக்கும் நடுவில் நிற்கிற எந்த ஆண்பிள்ளையும் சுவிட்சர்லாந்துதான்.

பொன்னம்மை தன் எல்லையில் ஒரு கம்பு நட்டு மஞ்சள் துண்டைக் கட்டினாள். உலகம்மை அதைவிட ஒரு முழம் உயரமாகச் சிவப்புத் துண்டு கட்டினாள். கம்பு மூங்கிலாயிற்று, மூங்கில் ஓட்டைப் பிரித்துக்கொண்டு வெளியே போயிற்று. கொஞ்ச நாளில் பிள்ளையாரைக் கும்பிட வந்த வெளியூர்க்காரர்கள் மெஸ் கூரையைப் பார்த்து, இங்கேயும் கொடியேற்றமா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சாப்பிட வருகிறவர்களுக்கு மட்டும் கொள்ளைக் கொண்டாட்டம். கொரியாவில் ஒவ்வொரு கைதியையும் கூடாரத்துக்குள் உட்காரவைத்து, ஊருக்கு வந்துவிடு ராசா என்று அவன் நாட்டுக்காரர்கள் கெஞ்சுவார்களாம். இங்கே ஒவ்வொரு இலைக்கும் இரண்டு பேர் கெஞ்சினார்கள். நல்லெண்ணெய்ச் சொதி இந்தப் பக்கம், தேங்காயெண்ணெய்த் தீயல் அந்தப் பக்கம். தலைமைச் செயலக குமாஸ்தாக்கள் இரண்டு கட்சிக்கும் வாக்குக் கொடுத்து இரண்டு மடங்கு தின்றார்கள். "கோலப்பன் சார், அவசரப்படாதீங்க. சமாதானம்னா நிதானமா வரணும்" என்று ஏப்பத்துக்கு நடுவே புத்தி சொன்னார்கள். ஒருத்தருக்கு வேட்டி இடுப்பில் நிற்காமல் போய்விட்டது.

சிவதாணுப் பிள்ளைதான் பொறுமை இழந்தார். "வெள்ளிக்கிழமை தீர்ப்பு சொல்லும். இல்லேன்னா சொர்ணத்துக்கு நெய்யாற்றின்கரையில வேற இடம் பாத்தாச்சு."

வெள்ளிக்கிழமை கோலப்பன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தான். ஓடு அவன் காலடிக்கே திரும்பி வந்தது. சகுனம் நல்லதா கெட்டதா என்று கேட்கவும் பயந்து நேரே அடுப்படிக்கு வந்து, அம்மியின் முன்னால் உட்கார்ந்தான். அந்தப் பக்கம் பொன்னம்மை, இந்தப் பக்கம் உலகம்மை. வாசலில் பிள்ளை. கதவிடுக்கில் சொர்ணம்மாளின் வளையல்.

"சொல்லுங்க கோலப்பண்ணே. எனக்குத் தனி அடுப்பு உண்டோ இல்லையோ?" என்றாள் உலகம்மை.

"சொல்லும் தம்பி. இவ பிரிஞ்சு போணுமா கூடாதா?" என்றாள் பொன்னம்மை.

உண்டு என்றால் பொன்னம்மை நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவாள். இல்லை என்றால் உலகம்மையின் உலக்கை பக்கத்திலேயே சாய்ந்திருந்தது. இப்போதைக்கு எதையாவது சொல்லித் தள்ளிப்போட்டால் போதும், மீதியை ஆவணிக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான் கோலப்பன். தொண்டையைச் செருமினான்.

"தனி அடுப்பு வைக்க உலகம்மைக்கு அவகாசம் உண்டு!"

அப்புறம் நடந்ததைக் கொரியாவிலும் யாரும் பார்த்ததில்லை. உலகம்மையின் முகம் மலர்ந்தது. பொன்னம்மையின் முகமும் மலர்ந்தது. இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"பாவம் அக்கா, விஷமிக்காதீங்க, வருத்தப்படாதீங்க" என்று உலகம்மை காலாலேயே கோலமாவுக் கோட்டை அழித்தாள். "ஞான் ஒண்ணும் மனசுல வைக்கல."

"நீதான் பாவம்ட்டி, சின்னப்பிள்ள. மொகம் வாடாதே" என்று பொன்னம்மை அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். கண்ணில் ஒன்றுமே இல்லை.

ஜெயித்தவள் தோற்றவளுக்கு ஆறுதல் சொல்லலாம். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொன்னால் தோற்றது யார்? கோலப்பன் தலை கிறுகிறுக்கக் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினான். அங்கே சொர்ணம்மாள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அத்தான், நீங்க என்ன சொன்னீங்கன்னு உங்களுக்கே தெரியாதுல்லா?"

"டைம் இருக்கு, பொறுத்துப் பார்ப்போம்னு சொன்னேன்."

"அது தமிழ் அவகாசம். பொன்னம்மை மயினிக்குக் கேட்டது அதுதான். இப்போதைக்கு அடுப்பு கிடையாதுன்னு அவங்களுக்கு சந்தோஷம். மலையாளத்துல அவகாசம்னா என்ன?"

கோலப்பனின் கையிலிருந்து செம்பு நழுவிக் கிணற்றில் விழுந்தது. "ஐயோ! உரிமை!"

"உலகம்மை மயினி பள்ளிக்கூடத்துல படிச்சது அந்த அவகாசம். தனி அடுப்புக்கு உரிமை கெடைச்சாச்சுன்னு அவங்களுக்கு சந்தோஷம்."

"யாராவது ஒருத்தி வெளக்கம் கேட்டா?"

"நெய்யாற்றின்கரை" என்றாள் சொர்ணம்மாள்.

மத்தியானப் பந்தியில் சோதனை வந்தது. இரண்டு எண்ணெயும் தயங்காமல் கலந்திருந்த அவியலைப் பரிமாறிக்கொண்டே உலகம்மை கேட்டாள்.

"அக்கா, எனக்கு அவகாசம் உண்டுல்லா?"

"உண்டுட்டி. யாரு இல்லேன்னா?"

"பின்னே மாத்திச் சொல்ல மாட்டீங்களே?"

"நான் ஏன் மாத்தப் போறேன்? உனக்கு எம்புட்டு அவகாசம் வேணும்னாலும் தாரேன். ஆயுசு பூரா தாரேன், போதுமா?"

"என் பொன்னக்கா!" என்று உலகம்மை கரண்டியோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

சிவதாணுப் பிள்ளை புருவத்தைச் சுருக்கினார். அவருக்கு இரண்டு பாஷையும் நன்றாகத் தெரியும். "மாப்ளே, ஒரு சந்தேகம். அவகாசம்னீரே, அது எந்த..."

கோலப்பன் தன் இலையிலிருந்த ரசவடையை எடுத்து அவர் வாயில் முழுசாக அடைத்தான். பிள்ளை மெல்ல மெல்ல அவர் கண்ணில் விஷயம் விளங்கிற்று. விழுங்கி முடித்தவர் வடையோடு கேள்வியையும் விழுங்கிவிட்டார். "ஆவணி முதல் முகூர்த்தம்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நவம்பரில் தென் தாலுகாக்கள் பிரிந்தே போயின. பின்தாழ்வாரத்தில் அடுப்பு மட்டும் வரவேயில்லை. உரிமை கையில் இருப்பவளுக்கு அவசரம் எதற்கு? அது இருக்கட்டும், அந்த வெள்ளிக்கிழமைக்கே வருவோம்.

பந்தி முடிந்ததும் கோலப்பன் ஜெனரல் நடை நடந்து கிணற்றடிக்குப் போனான். "சொர்ணம், உன் அண்ணன் சரின்னுட்டார். உனக்கும் சம்மதந்தானே?"

சொர்ணம்மாள் நிலத்தைப் பார்த்தாள். "எனக்கு அவகாசம் வேணும்."

கோலப்பனுக்கு மறுபடியும் விக்கல் எடுத்தது. "தமிழ்லயா, மலையாளத்துலயா?"

"ரெண்டுலயும்" என்றாள் அவள். ஒரு கூடை வெங்காயத்தை அவன் பக்கம் தள்ளினாள். "அதுவரைக்கும் இதை உரிச்சு வையுங்க, அத்தான். கொரியாவுல பாத்த வேலைதானே?"