ஒன்பதாம் மாடிக் காற்று

இதில் வருவது அத்தனையும் சத்தியம். ஒரு சொல்லைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. குறைத்துச் சொன்ன இடங்கள் இரண்டு மூன்று உண்டு, அதுவும் கேட்கிறவர்கள் நம்பாமல் போய்விடுவார்களே என்ற பயத்தில். சந்தேகம் இருக்கிறவர்கள் அந்த லிஃப்டிலேயே ஒரு தடவை ஏறி இறங்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டடத்தின் ஆறாவது மாடியில், அதுதான் கடைசி மாடி, புள்ளி குடியிருந்தார். பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். முப்பத்தைந்து வருஷம் டிஸ்ப்ளே கம்பெனியில் வேலை பார்த்ததில் அது தேய்ந்து, புள்ளி மட்டும் நின்றுவிட்டது. அந்தக் கம்பெனி செய்தது சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சின்னப் பொருள். முகத்தில் நாலு ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலிலும் குறுக்கே ஐந்து, நெடுக்கே ஏழு, ஆக முப்பத்தைந்து சிவப்புப் புள்ளிகள். எந்தப் புள்ளி எரிந்தால் எந்த எழுத்து வரும் என்ற ஞானம் முழுக்க அதன் முதுகிலேயே ஒரு சிப்பில் ஒட்டியிருக்கும்.

"ஒரு எழுத்துக்கு முப்பத்தஞ்சு புள்ளி, அத்தானுக்கு முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்" என்பான் அவர் மச்சினன். "வருஷத்துக்கு ஒரு புள்ளின்னு நிதானமாக் கத்துக்கிட்டார்."

மச்சினன் முதல் மாடியில் இருந்தான். குடியிருப்போர் சங்கத்துக்குச் செக்ரட்டரி. அந்தப் பதவிக்கு வேறு யாரும் நிற்கவில்லை என்பதை அவன் மறந்து பல வருஷமாகிறது.

புள்ளிக்கு அந்த டிஸ்ப்ளேமேல் இருந்த பாசம் சொல்லி மாளாது. "மத்த டிஸ்ப்ளேக்கெல்லாம் பக்கத்துலேயே ஒருத்தன் நின்னு, இதை ஏத்து, அதை அணைன்னு நொடிக்கு நூறு தடவை சொல்லிக்கிட்டே இருக்கணும். இதுக்கு ஒரு தடவை 'ஆறு'ன்னு சொன்னாப் போதும். அடுத்த பேச்சு வர்ற வரைக்கும் ஆறுதான். சொன்னதை மறக்காது."

"இந்த வீட்டுல சொன்னதை மறக்காம இருக்கிறது அது ஒண்ணுதான்" என்பாள் அவர் மனைவி.

அந்த மனைவியின் முழங்காலில்தான் பிரச்சினை ஆரம்பித்தது. அவளால் பத்துப் படி ஏற முடியாது. ஆறு மாடிக்கும் லிஃப்டுதான் கதி. அந்த லிஃப்டுக்குள் மாடி எண் காட்டும் டிஸ்ப்ளே, அதுவும் புள்ளியின் கம்பெனிச் சாமான்தான், ஒரு நாள் கண்ணை மூடிவிட்டது. லிஃப்ட் கம்பெனியோ அந்தச் சாமான் இப்போது வருவதில்லை, முழுப் பலகையையும் மாற்ற மூன்று மாதம் ஆகும் என்றது. லிஃப்ட் இன்ஸ்பெக்டரிடமிருந்து கடுதாசி வந்தது: வெள்ளிக்கிழமை பரிசோதனை, உள்ளே மாடி எண் ஒழுங்காகத் தெரியாவிட்டால் லிஃப்டுக்குப் பூட்டு.

மனைவி கடுதாசியை இரண்டு தரம் படித்தாள். பிறகு பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கச் சொன்னாள்.

"பூட்டினா நான் பெரிய பொண்ணு வீட்டுக்குப் போயிடுவேன். அங்க தரைத்தளம். படியே கிடையாது."

"மூணு மாசத்துக்கா?"

"அங்க போய்ப் பழகிட்டா திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியல."

புள்ளிக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதிலும் இரண்டு தடவை பாத்திரம் கருகியிருக்கிறது. ஆனால் அவர் பயந்தது சாப்பாட்டுக்கு அல்ல. முப்பத்திரண்டு வருஷமாக அவர் விட்ட கதைகளை எல்லாம், பொய் என்று தெரிந்தும் கடைசிவரை உட்கார்ந்து கேட்டது உலகத்தில் அவள் ஒருத்திதான். அப்படி ஒரு ஆள் இனிமேல் கிடைப்பது கஷ்டம்.

"பெட்டியை எடுத்து மேல வை" என்றார். "இந்த டிஸ்ப்ளே நான் பெத்த பிள்ளை. நானே மாட்டிடறேன்."

பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில், கருப்பு ஸ்பாஞ்சில் கால்களைக் குத்தி, மூன்று டிஸ்ப்ளேக்களைப் பத்திரமாக வைத்திருந்தார். மற்றவர்கள் பிள்ளைகளின் பால்பல்லை வைத்திருப்பார்களே, அது மாதிரி. திங்கட்கிழமை காலையில் அதில் ஒன்றை ஒரு குட்டிப் போர்டில் பற்றவைத்து, லிஃப்டின் பட்டை ஒயரைச் சொருகி, இரண்டு ஸ்க்ரூ போட்டு முறுக்கினார். டிஸ்ப்ளே சிவப்பாகக் கண் விழித்தது. மச்சினனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"முப்பத்தஞ்சு வருஷத்துல என் கையைத் தாண்டி ஒரு தப்பு வெளிய போனதில்ல, தெரியுமா?"

"தெரியும் அத்தான். தப்பு எல்லாம் உங்க கையோடயே நின்னுடுச்சு."

மச்சினன் சோதித்துப் பார்த்தான். அவன் வீடு முதல் மாடி என்பதால் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை சோதித்தான். பூஜ்யம் பூஜ்யமாக இருந்தது. ஒன்று, கொஞ்சம் குட்டிக்கரணம் போட்டது மாதிரி இருந்தாலும், ஒன்றாகத்தான் இருந்தது. "எல்லாம் சரி" என்று இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டான். பரிசோதனை முடியும்வரை யாரும் கை வைக்கக் கூடாது என்று பலகையின் ஸ்க்ரூமேல் காகிதம் ஒட்டிச் சங்க முத்திரையும் குத்தினான்.

சாயங்காலம் மனைவி கடைக்குப் போய்விட்டு லிஃப்டில் மேலே வந்தாள்.

"ஒன்பது காட்டுதே."

"அது ஆறு."

"எனக்குத் தெரிஞ்ச ஒன்பது இப்படித்தான் இருக்கும்."

புள்ளி போய்ப் பார்த்தார். ஆறு, அச்சில் வார்த்த ஆறு. "கண்ணு டாக்டரைப் போய்ப் பாரு" என்றார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கம்பெனியில் அவர் உட்கார்ந்த இடம் அப்படி. மேஜைக்கு ஒரு பக்கம் போர்டில் டிஸ்ப்ளேயைப் பற்றவைக்கிற அக்கா. போர்டு அந்த அக்காவைப் பார்த்து இருக்கும். எதிர்ப்பக்கம் புள்ளி. பட்டனை அழுத்தி, வருகிற எழுத்தை எதிரிலிருந்தே படித்து, சரி என்று டிக் போடுவது அவர் வேலை. நாளைக்கு எண்ணூறு வீதம் முப்பத்தைந்து வருஷம் தலைகீழாகவே படித்ததில், அவர் கண்ணுக்கு அதுவே நேராகிவிட்டது. மாட்டும்போது போர்டைத் தலைகீழாகத் திருப்பினார், எழுத்து அழகாகத் தெரிந்தது, ஸ்க்ரூவை முறுக்கினார். ஸ்க்ரூ ஓட்டைகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தது அவர் செய்த பாவம்.

செவ்வாய்க்கிழமைக்குள் கட்டடம் தலைகால் புரியாமல் ஆகிவிட்டது. மூன்றாம் மாடிக்காரர்களுக்கு ஒரு வளைந்த கொக்கி தெரிந்தது. நாலாம் மாடி மருந்துக்கடைக்காரர், "நான் எங்க வீட்டுக்குப் போறேனா, இல்ல நாற்காலிக் கடைக்குப் போறேனா?" என்று கேட்டார். தலைகீழ் நாலு பார்க்க நாற்காலி மாதிரியேதான் இருந்தது. ஆறாம் மாடிக்கு வந்த குழாய்க்காரர் ஐந்துக்கும் ஒன்பதுக்கும் நடுவில் மூன்று மணி நேரம் ஆறைத் தேடினார். கடைசியில் ஐந்தாம் மாடியில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு குழாயைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் ஆறாம் மாடிக்காரர்கள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒன்பதாம் மாடிக்குக் காற்று நன்றாக வந்தது. காலையில் காயப்போட்ட துணி பத்து மணிக்கே மொடமொடவென்று நின்றது. எதிர்வீட்டு அம்மாள், கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது என்று ஜன்னலுக்குத் திரை வாங்கினாள். மச்சினனும் ஆறு மாடிக்குச் செக்ரட்டரியாக இருப்பதைவிட ஒன்பது மாடிக்கு இருப்பது எடுப்பாக இருக்கிறது என்று கண்டுகொண்டான். வாசல் பலகையில் எண்ணை மாற்றி எழுதினான்.

வியாழக்கிழமை காலை மனைவி கண் டாக்டரிடமிருந்து திரும்பி வந்தாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்த சீட்டை மேஜைமேல் வைத்தாள். பிறகு ஒரு காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் பெரிதாக ஒரு எண் எழுதி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நீட்டினாள்.

"இது என்ன?"

"ஒன்பது."

தாளைத் திருப்பிப் பிடித்தாள். "இது?"

"ஆறு. இதென்ன விளையாட்டு?"

"நான் எழுதினது ஆறு."

புள்ளி தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். எங்கெங்கோ முடிச்சுகள் அவிழ்ந்தன. இருபத்தாறாம் நம்பர் பஸ் ஏறினால் எப்போதும் சுடுகாட்டு வாசலில் இறங்க நேர்ந்தது ஏன் என்று விளங்கியது. அந்தப் பஸ்காரர்கள்மேல் அவர் எழுதிப் போட்ட புகார்கள் மட்டும் பதினாலு.

மனைவிக்கு விளங்கியது வேறு. "நம்ம கல்யாணத் தேதி ஆறு" என்றாள் மெதுவாக. "வருஷா வருஷம் ஒன்பதாம் தேதி காலையில எழுந்து வந்து வாழ்த்துச் சொல்வீங்க. முப்பத்திரண்டு வருஷமா நான் அதை மறதின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"மறதியா? நாள் தவறாம காலண்டரைப் பார்த்துத்தான் சொன்னேன்."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவரால் படிக்க முடியவில்லை. அதுவும் தலைகீழாக இருந்திருக்கும்.

"ஸ்க்ரூவைக் கழட்டித் திருப்பிடறேன். யாருக்கும் தெரியாது" என்றார்.

"முத்திரை கிழியும். தம்பி சும்மா விடமாட்டான். நாளைக்கு இன்ஸ்பெக்டர் முன்னால நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன், அவனையும் சொல்ல விடமாட்டேன். நீங்க சொல்லலன்னா அவர் பூட்டுவார், நான் கிளம்புவேன்." பெட்டியைக் கதவோரம் கொண்டுபோய் வைத்தாள். அதில் துணி அடுக்கியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். சிரிப்பை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வருகிற ரகம். மச்சினன், புள்ளி, மனைவி, கையில் அவள் பெட்டி, எல்லோருமாக லிஃப்டில் ஏறினார்கள். ஒன்று, இரண்டு, கொக்கி, நாற்காலி, ஐந்து, ஒன்பது. லிஃப்ட் நின்றது. இன்ஸ்பெக்டர் படிவத்தில் பேனாவை வைத்தார்.

"இது ஒன்பதாவது மாடி."

"ஆமா சார்" என்றான் மச்சினன். எல்லாம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் அவன்தானே.

"ஏழும் எட்டும் எங்க?"

மச்சினன் ஒரு வினாடி கூரையைப் பார்த்தான். "ஏழும் எட்டும் பூட்டியிருக்கு சார். சாவி என்கிட்ட இல்ல."

"ஆறு?"

"ஆறு ரிப்பேர்ல இருக்கு சார்."

இன்ஸ்பெக்டர் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். "பூட்டியிருக்கிற மாடியைப் பார்க்காம நான் கையெழுத்துப் போட முடியாது. சாவி கிடைக்கிற வரைக்கும் லிஃப்டைப் பூட்டிடறேன். எல்லாரும் படியில இறங்குங்க."

மனைவி பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். அவரைப் பார்க்கவில்லை. படிக்கட்டைப் பார்த்தாள். முதல் படியில் ஒரு காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து, முகம் சுளித்தாள்.

புள்ளி முப்பத்தைந்து வருஷத்துப் பெருமையை ஓரமாக வைத்துவிட்டு, இன்ஸ்பெக்டருக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"சாவி என்கிட்ட இருக்கு சார்" என்று சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். "ஏழும் இல்ல, எட்டும் இல்ல. இது ஆறு. நான்தான் தலைகீழா மாட்டினேன். தப்பு என்னோடது."

முத்திரை கிழிந்தது. இரண்டு ஸ்க்ரூ, ஒரு திருப்பு, மறுபடி இரண்டு ஸ்க்ரூ. புள்ளி நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணுக்குச் சுத்தமான ஒன்பது தெரிந்தது.

"இப்ப என்ன காட்டுது?" என்று மனைவியைக் கேட்டார்.

"ஆறு."

"எனக்கு ஒன்பதாத் தெரியுது."

"அப்ப சரியாத்தான் இருக்கு" என்றாள் அவள், படியிலிருந்து காலை எடுத்துவிட்டு.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். போகும்போது மச்சினனிடம், "அந்த ரெண்டு மாடிச் சாவி கிடைச்சா சொல்லி அனுப்புங்க" என்றார். அவர் வேடிக்கைக்குச் சொன்னாரா என்று மச்சினன் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தான்.

எதிர்வீட்டு அம்மாள் ஒரு வாரம் புள்ளியோடு பேசவில்லை. ஒரே திருப்பில் மூன்று மாடி இறக்கிவிட்டாரே என்ற ஆத்திரம் அவளுக்கு. துணி மறுபடி சாயங்காலம்தான் காய்ந்தது.

பெட்டி பரண்மேல் ஏறிய பிறகு மனைவி ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"தப்பு என்னோடதுன்னு சொன்னீங்களே, அதை. சரியாக் கேக்கல."

"நீ பக்கத்துலதானே நின்னே?"

"ஒன்பதாம் மாடியில காத்து ஜாஸ்தி."

அவர் சொன்னார். அவள் கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள். அடுத்த கல்யாண நாளன்று காலண்டரைத் தலைகீழாக மாட்டி வைத்து, முப்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சரியான தேதியில் வாழ்த்துச் சொன்னார்.

சந்தேகப்பட்டு லிஃப்டில் ஏறிப் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு விஷயம்: அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது.