நாலாம் விதி

கனகசபாபதி கெட்டவரல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதை முடியும்போது அவரை நல்லவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர், வயது முப்பத்திரண்டு, கிரிக்கெட்டில் சுமாராகத் துடுப்பாடுவார், கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும். அந்தக் கையெழுத்துத்தான் தன்னைக் கெடுத்தது என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார். பாவம் கையெழுத்து, அது என்ன செய்யும்? பிடித்தவர் பிடித்தபடி எழுதுகிறது.

உத்தியோகம் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த நாள் முதல் அவர் இருந்தது கொட்டாஞ்சேனையில். அங்கேதான் கொட்டாஞ்சேனைக் கழகம் இருந்தது. பாதி புல், பாதி செம்மண் என்று ஒரு மைதானம். அதில் சனிக்கிழமை கிரிக்கெட், மற்ற நாட்களில் பயிற்சி. வேகப்பந்து போடுவது ராசிக்; செட்டியார்தெருப் பக்கம் ஓர் அச்சகத்தில் ஆங்கில எழுத்துக் கோப்பவர். விக்கெட் காப்பது கப்பல் கந்தோரில் வேலை பார்த்த பற்றிக். கணக்குப் புத்தகத்தைப்போல் சுத்தமாக ஸ்கோர் புத்தகம் எழுதிவைப்பது காரியதரிசி கனகசபாபதி. யார் எந்தச் சமயம், எந்த ஊர் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. அடித்த பந்து யார் வீட்டுக் கூரையில் கிடக்கிறது, அதை எடுக்க எவன் ஏறுவது என்பதுதான் அவர்களுடைய பெரிய வழக்கு.

பிறகு வெள்ளவத்தை வந்தது. வெள்ளவத்தை எங்கிருந்தோ வரவில்லை, அது இருந்த இடத்திலேயேதான் இருந்தது. தென்னந்தோட்டங்களைத் துண்டு போட்டு, சின்னத் தெருக்களாக ஒழுங்கை வெட்டி, வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். வாசலில் கடற்காற்று, பின்னால் ரயில். சீசன் டிக்கெட் எடுத்தால் அரை மணி நேரத்துக்குள் கந்தோர்கள் இருக்கும் கோட்டை ஸ்டேஷன். யாழ்ப்பாணத்து லிகிதர்மார் ஒருவர் பின் ஒருவராகக் கொட்டாஞ்சேனையைக் காலி செய்தார்கள். கனகசபாபதியின் மனைவி நேசமலரும் கிணறுள்ள வீடு வேண்டுமென்றாள், அவரும் போனார்.

போனவர்கள் எல்லோரும் சத்தியம் செய்துவிட்டுத்தான் போனார்கள், பயிற்சிக்குத் தவறாமல் வருவோமென்று. மனதாரத்தான் செய்தார்கள். ஆனால் கந்தோர் விட்டதும் கோட்டையில் ரயில் நிற்கும். அது போகும் திசை தெற்கு, கொட்டாஞ்சேனை வடக்கே. கால் ரயிலில் ஏறிவிடும். முதல் வருடம் பதினொருவரும் வந்தார்கள், அடுத்த வருடம் ஏழு பேர், அதற்கடுத்த வருடம் ராசிக்கும் பற்றிக்கும் ஆளுக்காள் பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு நடுப்பகுதியில் கழகத்தைக் கலைத்துவிடுவதென்று முடிவாயிற்று. அந்தத் தீர்மானத்தையும் கனகசபாபதிதான் அழகாக எழுதினார்.

அன்று ராசிக் மைதானத்து ஓரத்தில் குந்தியிருந்தார். பேச்சுக் குறைந்த மனிதர். பந்தை மட்டும் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்காமல் கனகசபாபதி சொன்னார்:

"ராசிக், நீரும் வெள்ளவத்தைக்கு வாருமன். அங்கை நாங்கள் புதுசா ஒரு கழகம் துவங்கப்போறம். முதல் ஓவர் உமக்குத்தான். இது என்ரை வாக்கு."

"மெய்யாவா சொல்ற மச்சான்?"

"நான் உமக்குப் பொய் சொல்லுவனே?"

ராசிக் இதை நம்பினார். ஜவாஹிறாவுக்கு, அவருடைய மனைவிக்கு, பிறந்து வளர்ந்த தெருவை விட்டுப் போக மனமில்லை. அழுதாள். ராசிக் நயமாகப் பேசி இணங்கவைத்தார். வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கையில் வீடு பார்த்து, செப்டெம்பரில் வருவதென்று ஒழுங்காயிற்று.

இனி ஓகஸ்ட் மாதத்துக்கு வருவோம். கதையின் அழுக்கு அங்கேதான் இருக்கிறது.

ஐந்து பத்து ரயிலில் எப்போதும் ஒரே பெட்டி, ஒரே ஆட்கள். நாலு பேருடைய முழங்காலில் பத்திரிகையை விரித்து முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். நடுவில் தில்லைநாதன் இருப்பார். பிரதம லிகிதர், வயதில் மூத்தவர், தாராளமான மனிதர்; கழகம் துவங்கும் யோசனையே அவருடையது, தலைவரும் அவரேதான். யாப்பு, அதாவது கழகத்தின் சட்டதிட்டம், அந்தப் பெட்டியிலேயே விதி விதியாக ஆங்கிலத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. கையெழுத்து நன்றாக இருந்ததால் எழுதும் வேலை கனகசபாபதிக்கு.

அன்று ரயில் கொள்ளுப்பிட்டியை விட்டதும் தில்லைநாதன் சீட்டை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"பறங்கியருக்கு ஒரு கழகம் இருக்கு. சிங்களவருக்கு இருக்கு, சோனகருக்கும் இருக்கு. ஊர் உறவை விட்டிட்டு வந்து கிடக்கிற எங்களுக்கு ஒண்டு வேண்டாமே? கனகசபாபதி, நாலாவதா எழுதும். அங்கத்தவர் எல்லாரும் யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாக் கொண்ட தமிழரா இருக்கவேணும்."

மற்றவர்கள் ஓம் ஓம் என்றார்கள். ஒருவர் முகத்திலும் வஞ்சகம் இல்லை. கொட்டாஞ்சேனையில் இருந்தபோது யார் எந்த ஊர் என்று கேளாதிருந்த அதே ஆட்கள்தான். வெள்ளவத்தைக்கு வந்தபின், பக்கத்து வீடும் யாழ்ப்பாணம், எதிர்வீடும் யாழ்ப்பாணம் என்றானபின், தாங்கள் யாரென்று அவர்களுக்குப் புதிதாக ஞாபகம் வந்திருந்தது.

கனகசபாபதியின் பேனா நின்றது; ராசிக் சோனகர், கொழும்பு முஸ்லிம். ராசிக் என்று ஒரு பெயரைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொன்னால் தில்லைநாதன் வாதாடியிருப்பார், ஒருவேளை இணங்கியும் இருப்பார். ஆனால் பெட்டியில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. அதோடு அவர் லிகிதர். விதி என்று ஒன்று இருந்தால் திருத்தம் என்று ஒன்றும் இருக்கும், ஜனவரியில் ஆண்டுப் பொதுக்கூட்டம் வரும், பிரேரணை கொண்டுவந்து மாற்றிவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னார். கடதாசியில் திருத்தக்கூடியதெல்லாம் வாழ்க்கையிலும் திருத்தக்கூடியது என்று கந்தோர் உத்தியோகத்தர் மட்டும்தான் நம்புவார்கள். பம்பலப்பிட்டி வருமுன் நாலாம் விதி எழுதி முடிந்தது. யாப்பை அச்சடிக்கத் தில்லைநாதன் வாங்கிக்கொண்டு போனார். எங்கே கொடுக்கிறார் என்று கனகசபாபதி கேட்கவில்லை.

செப்டெம்பரில் சொன்னபடி ராசிக் குடிவந்தார். வெறுங்கையோடு வரவில்லை. கலைந்த கழகத்தின் கயிற்றுப் பாயையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். விக்கெட்டுக்கு விக்கெட் விரித்து ஆணி அடித்து, அதன்மேல் ஆடுகிற பாய். புதுக் கழகத்திடம் மட்டைகள் இருந்தன, பாய் இல்லை. எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். ராசிக்கின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ராசிக் வெள்ளைச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அங்கத்தவர் பட்டியல் இன்னும் ஆகேல்லை ராசிக். கொஞ்சம் பொறும். இப்பதானே துவங்கியிருக்கு" என்றார் கனகசபாபதி. அடுத்த வாரம், குழு கூடவில்லை என்றார். அதற்கடுத்த வாரம் சொல்லப் பொய் இல்லாமற் போய், தில்லைநாதனிடம் ஓடினார். நடுவர் அங்கத்தவராக இருக்கவேண்டுமென்று விதி இல்லையே என்றார் தில்லைநாதன். கனகசபாபதிக்கு உயிர் வந்தது. ராசிக்கிடம் போய்ச் சொன்னார்:

"உம்மைப்போலை ஆட்டம் தெரிஞ்ச ஆள் இல்லாமல் நடுவர் வேலை ஒருத்தருக்கும் சரிவரேல்லையாம். கொஞ்ச நாளைக்கு நிண்டு பாருமன்."

கொழும்பின் வடக்கில் பெயர்போன பந்துவீச்சாளரிடம், அதுவும் முப்பது வயதில், கிழவர்கள் செய்யும் வேலையைக் கௌரவம் என்று சொல்லிக் கொடுத்தார். ராசிக் அவரை ஒருகணம் பார்த்தார். பிறகு நடுவர் போடும் நீண்ட வெள்ளை அங்கியை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அன்றிலிருந்து கனகசபாபதிக்கு நிம்மதி இல்லை. ரயிலால் இறங்கினால் ராசிக்கின் ஒழுங்கை வழியாகப் போவதுதான் வீட்டுக்குக் கிட்ட. அவர் தண்டவாளத்து ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனார். ஞாயிறுகளில் வீசுகிற பந்துகளை எண்ண ராசிக் ஒரு கையிலிருந்து மறுகைக்குக் கூழாங்கல் மாற்றும்போது, அந்தக் கையைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டாரே தவிர வாயைத் திறக்கவில்லை. ஜனவரி வரட்டும் என்று காத்திருந்தார்.

ஜனவரியும் வந்தது. தில்லைநாதன் வீட்டு விறாந்தையில் பொதுக்கூட்டம். கனகசபாபதியின் சட்டைப் பையில் திருத்தப் பிரேரணை மூன்று பிரதியாக இருந்தது. நிகழ்ச்சி நிரலில் அதற்கு முன்னால் அணித்தலைவர் தெரிவு.

"காரியதரிசி வேலையையும் பாத்துக்கொண்டு இவ்வளவும் செய்த மனுசன். கனகசபாபதியைத் தவிர வேறை ஆர்?" என்றார் ஒருவர். கை தட்டினார்கள். கொட்டாஞ்சேனையில் பன்னிரண்டு வருடம் ஆடியும் ஒருநாளாவது அவரை அணித்தலைவராக்க எவரும் நினைத்ததில்லை. அங்கே ராசிக் இருந்தார். இங்கே ராசிக் இல்லை. அந்த எண்ணம் ஓடிவந்தது, அதில் ஒரு துளி சந்தோஷமும் இருந்தது. அந்தத் துளியை அவர் தன்னிடமிருந்தே மறைக்கப் பார்த்தார், முடியவில்லை.

"வேறை ஏதும் விசயம் இருக்கோ?" என்று தில்லைநாதன் கேட்டார்.

கை பையைத் தொட்டது. எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கனகசபாபதி பேனாவை எடுத்து, வேறு விடயங்கள் எதுவும் எழவில்லை என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்.

பெப்ரவரியில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. கந்தோரால் வந்து சப்பாத்தைக் கழற்றிய கணவரிடம் நேசமலர் சொன்னாள்:

"ஜவாஹிறா வட்டிலப்பம் கொண்டுவந்து தந்திட்டுப் போறா. இஞ்சை தனக்கு ஒருத்தரையும் பழக்கமில்லையாம், உம்மாவின்ரை வீடு தூரமாப் போச்சாம். அவருக்கு இனியாவது விளையாடக் கிடைக்குமோ எண்டு கேட்டவ. நான் என்னத்தைச் சொல்ல? நீங்கள்தானே அவையைக் கூப்பிட்டனீங்கள்."

கனகசபாபதி வட்டிலப்பத்தை ஒரு கரண்டி வாயில் வைத்தார். மீதியை மூடி வைத்தார்.

அடுத்த ஞாயிறு நுகேகொடை அணியோடு போட்டி. காலையில் கனகசபாபதியின் அணி துடுப்பாடி முடித்தது. சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் கொட்டகைக்குள் இருக்க, ராசிக் வாய்க்கால் பக்கத்துத் தென்னைமர நிழலில் தனியே இருந்தார். பக்கத்தில் அங்கி மடித்துக் கிடந்தது. கனகசபாபதி போய் முன்னால் நின்றார். உட்காரத் தைரியம் வரவில்லை.

"ராசிக், பட்டியல் ஆகேல்லை, குழு கூடேல்லை எண்டதெல்லாம் பொய். உம்மைச் சேர்க்கேலாதபடி ஒரு விதி இருக்கு. அதை எழுதினது நான்தான்."

ராசிக் தலையைத் தூக்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லல்ல. எங்கட அச்சுக்கூடத்துக்குத்தான் அது வந்திச்சு. கையெழுத்தப் பாத்த ஒடனே சந்தோஷப்பட்டன், நம்மட கழகத்துக்கு புத்தகம் அடிக்கிறாங்கண்டு. மூணு விதி கோத்தன். பொறவு நாலாவதயும் நான்தான் கோத்தன்."

கனகசபாபதி அந்தக் கைகளைப் பார்த்தார். ஒவ்வோர் ஆங்கில எழுத்தாகப் பொறுக்கி, தன்னை வெளியே நிறுத்துகிற வாக்கியத்தை அந்த மனிதர் தன் கையாலேயே அடுக்கியிருக்கிறார்.

"அது ஓகஸ்டிலையெல்லே? பிறகேன் குடிவந்தனீர்? பாயையும் கொண்டுவந்து தந்தீரே!"

"பழைய வீட்ட உட்டுக் குடுத்தாச்சு. ஜவாஹிறா சாமானெல்லாம் கட்டிட்டா. அதோட ஒண்டு நெனச்சன். எழுதுற நேரம் நான் முன்னால இல்லத்தானே. ஆளக் கண்ணால கண்டா நீங்க மாத்துவீங்கண்டு. அதுக்குத்தான் ஒவ்வொரு ஞாயிறும் வந்து நிண்டன்."

பன்னிரண்டு வருடத்தில் ராசிக் அவரை 'நீங்க' என்று சொன்னதில்லை. கனகசபாபதியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொட்டகையிலிருந்து பார்ப்பார்களே என்றுகூட யோசிக்கவில்லை.

"நான் மாத்துறன் ராசிக். கடவுளாணை மாத்துறன். விசேஷ கூட்டம் ஒண்டு கூட்டி, அணித்தலைவர் பதவியையும் விட்டிட்டு, எல்லாருக்கும் முன்னாலை உம்மடை பேரைச் சொல்லுறன். இந்த மாதத்துக்குள்ளை மாத்துறன்."

"வாணாம்."

"ஏன் வேண்டாம்? நான் வாக்குத் தந்தனான்."

"மாத்தினா நான் வந்து சேரோணும்" என்றார் ராசிக். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கனகசபாபதி தப்பியிருப்பார். "ஒங்களோட வெளயாட இனி எனக்கு ஏலாது. அந்த விதி அப்படியே இரிக்கட்டும். நான் ஏன் வெளயாடல்லண்டு கேக்கிற ஆக்களுக்கு அதச் சொல்லலாம்."

கொட்டகையில் மணி அடித்தது. இடைவேளை முடிந்துவிட்டது. ஒப்புக்கொண்ட ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போகிற பழக்கம் ராசிக்கிடம் கிடையாது. எழுந்து, மண்ணைத் தட்டி, அங்கியை மாட்டிக்கொண்டு விக்கெட்டை நோக்கி நடந்தார். முதலில் நடுவர் இறங்குவார், அவருக்குப் பின்னால் களத்தடுப்பு அணியை அணித்தலைவர் அழைத்துச் செல்வார், அதுதான் முறை. பத்துப் பேரும் வந்து வரிசையாக நின்று, கனகசபாபதி முன்னே நடக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.